எல்.கே.ஜி. பிள்ளையின் விரலுக்கு வைத்தியம் கேட்கும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நர்சரி, மெட்ரிக் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பையனை அவன் அம்மா என் கிளினிக்குக் கூட்டிவந்தார். நாலு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, எல்.கே.ஜி. படிக்கிறான். அம்மாவின் கையில் ஒரு ஃபோர் லைன் நோட்டும் பள்ளி டைரியும் இருந்தன. டைரியில் சிவப்பு மையில் மூன்று வரி: எழுதுவது மிகவும் மெதுவாக இருக்கிறது, தெரபிஸ்டிடம் காட்டவும், முன்னேற்றம் இல்லாவிட்டால் யூ.கே.ஜி.க்கு அனுப்ப இயலாது. கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. அந்த அம்மா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எம்புள்ளைக்கு மூளையில ஏதாச்சும் பிரச்சினையா மேடம்?"

ஒரு பிரச்சினையும் இல்லை. முக்கால் மணி நேரம் அவனோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் 14 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். அதைப் பலகையில் படித்துவிட்டு, "பேரனுக்கு என்ன தொழில் சொல்லித் தருவீங்க?" என்று கேட்ட தாத்தாக்கள் உண்டு. சின்னப் பிள்ளையின் தொழில் விளையாடுவது, தானே எடுத்துச் சாப்பிடுவது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டுச் சேர்ந்துகொள்வது. அதில் தடங்கல் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் இருக்கிறோம். உங்கள் கால அட்டவணைக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு மருந்து எங்களிடம் இல்லை.

அந்தப் பையனிடம் முதலில் ஒரு பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். சரி என்று பென்சிலை உள்ளே வைத்துவிட்டு ஒரு தட்டில் அவித்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கை வெளியே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தோட்டைப் பிளந்து, உள்ளே இருந்த பருப்பை நசுக்காமல் எடுத்து, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ரெண்டு என்று பங்கு வைத்தான். ஏணியில் ஏறினான், இறங்கினான். சட்டையில் ஐந்து பொத்தானில் நாலைத் தானே போட்டான். சுவரில் மாட்டியிருக்கிற கரும்பலகையில் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னேன், போட்டான். கூட்டல் குறியைப் பார்த்துப் போட்டான். சதுரத்தில் ஒரு மூலை மட்டும் உருண்டுவிட்டது, முக்கோணம் வரவில்லை. நாலே கால் வயதுக்கு இது போதும், சொல்லப்போனால் நன்றாகவே இருக்கிறது. போகும்போது மெதுவாக, "இங்க தப்பாப் போட்டா அடிப்பீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

அவன் நோட்டையும் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலத்தின் சின்ன ஏ. முதல் வரியில் வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வரியில் நசுங்க ஆரம்பிக்கிறது, ஆறாவதில் கோட்டைத் தாண்டிக் கீழே வழிகிறது, கடைசிக்கு முந்தின வரியில் ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஒரு கை எப்படிக் களைத்துப் போனது என்ற கதை அந்த ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கிறது. அதன் ஓரத்தில் உங்கள் ஆசிரியை 'நாட் நீட்' என்று எழுதியிருக்கிறார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதத்துக்குள் ஏ முதல் இஸட் வரை பெரிசும் சின்னதும், அ முதல் ஃ வரை, 1 முதல் 50 வரை முடிக்கச் சொன்னது நீங்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு.

நீங்களும் பி.எட். படித்தவர்கள்தான், உங்கள் ஆசிரியர்களும் படித்தவர்கள்தான். குழந்தை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் எல்லாரையும் பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியிருப்பீர்கள். நாங்களும் அதே ஆட்களைத்தான் படிக்கிறோம். ஆனால் எங்களுக்கு அது தினமும் காலையில் கதவைத் திறந்ததும் தேவைப்படுகிறது. ஒரு பிள்ளை உள்ளே வந்தால், இவன் இப்போது எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படி எது, அந்தப் படிக்கு எதைப் பிடித்து ஏறுவான் என்று கணக்குப் போட வேண்டும். அது தப்பினால் மொத்த வேலையும் தப்பு.

அமெரிக்காவில் ஆர்னால்ட் கெசல் என்று ஒரு மருத்துவர் இருந்தார், யேல் பல்கலைக்கழகத்தில். 1929இல் அவரும் ஹெலன் தாம்சனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்திக்கு 46ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரம் தினமும் படிக்கட்டு ஏறப் பழக்கினார்கள். இன்னொருத்தியை விட்டுவிட்டு 53ஆவது வாரத்தில்தான் ஆரம்பித்தார்கள். இரண்டே வாரத்தில் இவள் அவளை எட்டிப் பிடித்துவிட்டாள். ஒரே ஒரு ஜோடிக் குழந்தைகளை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது, அதற்கு அப்புறம் வந்தவர்கள் கெசலை நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் ஒவ்வொரு ஜூலையிலும் மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, ஒரு வருடம் அழவைத்து நீங்கள் கற்றுக்கொடுக்கிற அந்தச் சின்ன ஏ, ஐந்தரை வயதில் கொஞ்ச நாளில் வந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டு குழந்தைகள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. பிறந்த குழந்தை விரலைக் கொடுத்தால் உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்கும். ஒன்பது பத்து மாதத்தில் தரையில் கிடக்கிற பொரியை இரண்டு விரலால் எடுக்கும். ஒன்றரை வயதில் கிரேயானைக் கொடுத்தால் உலக்கை பிடிப்பதுபோலப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். மூன்றரை நாலு வயதில்தான் மூன்று விரல் பிடி வருகிறது, அதுவும் விரல்கள் விறைத்தபடி இருக்கும், மணிக்கட்டும் முழங்கையும்தான் அசையும். விரல் மட்டும் தனியாக நெளிந்து வளைந்து எழுதுகிற பிடி நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் மெல்ல வரும். பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் நாலு கோடு நோட்டுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பிடி. உங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு அது இன்னும் வரவே இல்லை.

சந்தேகம் இருந்தால் இப்போதே ஒரு தாளை எடுத்து 'இ' என்று ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். எங்கே ஆரம்பிக்கிறீர்கள், எத்தனை இடத்தில் விரல் திசை திரும்புகிறது, எந்த இடத்தில் சுழி, எங்கே கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும் என்று எண்ணுங்கள். அப்புறம் அதையே இடது கையால் இருபது தடவை, நாலு கோட்டுக்குள், ஓரத்தில் ஒருவர் ஸ்கேலோடு நிற்க எழுதுங்கள். முக்கோணமே வராத கைக்கு 'இ' எப்படி வரும்? ட, ப மாதிரி நேர்கோட்டில் போகிற எழுத்துகள் இருக்கும்போது அகர வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? வாயால் பாட வரிசை வேண்டும். கைக்கு அது எதற்கு?

"அப்படியானால் ஆறு வயது வரை சும்மா விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று ஒரு முதல்வர் என்னிடம் போனில் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். இல்லை. சும்மா விடுவது வேறு, தயார்ப்படுத்துவது வேறு. வைகாட்ஸ்கி 37 வயதில் காசநோயில் இறந்துபோன மனிதர், அதற்குள் அவர் எழுதிவைத்துவிட்டுப் போனதை வைத்துத்தான் நாங்கள் பாதி வேலை பார்க்கிறோம். பிள்ளை தனியாகச் செய்வது ஒன்று, ஒருவர் கூட இருந்தால் செய்வது ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார். சதுரத்தில் மூன்று மூலை போட்டுவிட்டு நாலாவதில் திணறுகிற பையனிடம், நான் அந்த மூலையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பது அந்த இடம். அவனுக்கு ஒரு பக்கம் ஏ எழுதக் கொடுப்பது அந்த இடத்துக்கு ரொம்ப வெளியே. எழுத்தின் தொடக்கத்தை அவர் பென்சிலில் தேடவே இல்லை, சைகையிலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் தேடினார். தீப்பெட்டியை பஸ் என்று சொல்லி ஓட்டுகிற பிள்ளை, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டது. பியாஜேயும் தன் மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து இதைத்தான் விலாவாரியாக எழுதினார். ஒரு கோடு ஒரு சத்தத்துக்குப் பதிலாக நிற்கலாம் என்பது அந்த பஸ்ஸின் அடுத்த ஸ்டாப். நீங்கள் அந்த பஸ் விளையாட்டு நேரத்தை வெட்டித்தான் ரைட்டிங் பீரியட் வைத்திருக்கிறீர்கள்.

உங்களில் பலரின் பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மரியா மாண்டிசோரி 1939இல் நம்ம சென்னைக்கே, அடையாறுக்கு வந்தவர். போர்க்காலம் முழுக்க இந்தியாவில்தான் இருந்தார், கொடைக்கானலிலும் கொஞ்ச காலம். அவருடைய முறையில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே எழுதினார்கள் என்று எனக்கே எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. எழுதினார்கள்தான். அதற்கு முன்னால் குமிழ் வைத்த மரக்கட்டைகளை மூன்று விரலால் தூக்கித் தூக்கி வைத்தார்கள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், துடைத்தார்கள், யாரும் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கையைத் தயார் செய்த அந்த வேலையையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பலகைக்கு எடுத்துக்கொண்டால் எப்படி?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊரில் விஜயதசமிக்கு அரிசியில்தான் விரலைப் பிடித்து எழுத வைத்தோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினார்கள். அரிசியும் மணலும் விரலுக்குப் பதில் சொல்லும், தப்பினால் தடவிவிட்டால் போயிற்று, ஓட்டை விழாது. சிலேட்டும் பல்பமும் இருந்தவரை கைக்கு ஒரு உராய்வு கிடைத்தது, சின்னத் துண்டு பல்பத்தை மூன்று விரலைத் தவிர வேறு எப்படியும் பிடிக்கவும் முடியாது. என் கிளினிக்கில் நான் இன்றைக்கும் சாக்பீஸை ஒடித்துத்தான் கொடுக்கிறேன், அதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக விடுவது, சப்பாத்தி மாவு உருட்டுவது, புள்ளி வைத்துச் சுற்றிக் கோலம் போடுவது, சின்ன வாளியில் தண்ணீர் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது, எல்லாம் எழுத்துக்கான வேலைதான். தோள் உறுதியாக இல்லாத பிள்ளைக்கு விரல் ஓடாது, அதனால்தான் ஊஞ்சலும் ஏணியும். தசையும் மூட்டும் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் மூளைக்கு அனுப்புகிற சேதிகளைப் பற்றி ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1972இல் புத்தகமே எழுதினார். "விளையாடறதுக்கா மேடம் இவ்வளவு ஃபீஸ்?" என்று கேட்கிற அப்பாக்களுக்கு நான் இதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்தான் கேட்கிறார்கள் என்று சொல்வீர்கள். தெரியும். நோட்டு நிறைந்திருந்தால்தான் ஃபீஸ் கட்டியதற்கு அர்த்தம் இருப்பதாக நினைக்கிறார்கள், பக்கத்து ஸ்கூலில் எல்.கே.ஜி.யிலேயே கர்சிவ் என்று ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஆசையை வளர்த்ததில் உங்கள் அட்மிஷன் நோட்டீஸுக்கும் பங்கு இருக்கிறது. மருந்துக் கடைக்காரர் கேட்டதையெல்லாம் கொடுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஐந்தாறு வருடம் நானும் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். பென்சிலுக்கு ரப்பர் பிடி மாட்டி, கோடு போட்டுக் கொடுத்து, பத்து சிட்டிங், பதினைந்து சிட்டிங் என்று காசு வாங்கினேன். ஆறு மாதத்தில் கையெழுத்து சரியானபோது என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு ஆறு மாதம் வயது கூடியிருந்தது, அவ்வளவுதான்.

இதில் உண்மையான நஷ்டம் யாருக்கு என்றால், சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை வரை என்னிடம் இருப்பது மிஞ்சிப்போனால் ஐந்து பிள்ளைகளுக்கான இடம். பெருமூளை வாதத்தோடு ஒரு பெண் குழந்தை, வயது ஆறு, ஸ்பூனைத் தானே வாய்க்குக் கொண்டுபோகப் பழகிக்கொண்டிருக்கிறாள், வாரத்தில் இரண்டாவது நாளும் வேண்டும் என்று இரண்டு மாதமாகக் காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் உங்கள் 'ஸ்லோ ரைட்டர்'கள் வந்து உட்காருகிறார்கள். வேண்டிய பிள்ளைக்கு இடம் இல்லை, வேண்டாத பிள்ளைக்குத் தெரபி.

உங்கள் வகுப்பிலும் நிஜமாகவே எங்களைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் உண்டு. அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5, 6 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கணக்கு, அதையும் பொதுவாக ஐந்து வயதுக்கு முன் உறுதிசெய்வதில்லை. சமதரையில் அடிக்கடி விழுகிற பிள்ளை, ஐந்து வயதிலும் சோற்றைக் கையால் எடுத்துச் சாப்பிடத் திணறுகிற பிள்ளை, மண்ணோ பசையோ கையில் பட்டால் அலறுகிற பிள்ளை, ஒரு கையை எப்போதும் மடக்கியே வைத்திருக்கிற பிள்ளை, போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்யாத பிள்ளை, இவர்களை உடனே அனுப்புங்கள், நோட்டு எப்படி இருந்தாலும் சரி. ஆனால் இந்தப் பிள்ளைகளில் சிலர் அழகாக ஏ எழுதிவிடுவதால் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

எரிக்சன் மூன்றிலிருந்து ஆறு வயது வரைக்குமான காலத்தை, தானே முன்வந்து ஒன்றைத் தொடங்கிப் பார்க்கிற துணிச்சலுக்கும் குற்ற உணர்வுக்கும் நடக்கிற இழுபறி என்று வைத்தார். தொடைக்கு அடியில் கையை ஒளித்த அந்தப் பையன் எந்தப் பக்கம் இழுக்கப்பட்டிருக்கிறான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் பேசுவது என் வேலை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தினமும் இரண்டு பக்கம் எந்தக் கணக்கில் வருகிறது? 1993இல், பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வழி சொல்ல மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு, நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று எழுதி 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்துதான் பேசுகிறது என்பதால், நாலு வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கலாம் என்று எடுத்துக்கொண்டீர்களா?

நான் கேட்பது இவைதான். எழுத்து வேகத்தைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் எல்.கே.ஜி.யில் நிறுத்தி வைக்காதீர்கள், அப்படி டைரியில் எழுதி மிரட்டவும் வேண்டாம். எல்.கே.ஜி.க்கு ஃபோர் லைன் நோட்டையும் எழுத்து வீட்டுப்பாடத்தையும் இந்த ஜூனிலிருந்து எடுத்துவிடுங்கள், புத்தகப் பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை அடித்தால் போதும். அந்த நேரத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மாவு, மணல், சாக்பீஸ், புளியங்கொட்டை என்று கையை வைத்து எதையாவது செய்யட்டும். யூ.கே.ஜி.யில் வட்டம், கூட்டல், சதுரம், முக்கோணம் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுத்தைத் தொடங்குங்கள், வராத பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுங்கள். தெரபிக்கு அனுப்புவதானால், பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி ஓடுகிறது, எப்படி விளையாடுகிறது என்று ஆசிரியை பார்த்ததை நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், 'ரைட்டிங் ஸ்லோ' என்று மட்டும் வருகிற சீட்டை இனி நான் வாங்கப் போவதில்லை. உங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச எந்தச் சனிக்கிழமை காலையிலும் வருகிறேன், காசு வேண்டாம், கரும்பலகையும் ஒரு பெட்டி சாக்பீஸும் இருந்தால் போதும்.

அப்புறம், டைரியில் அந்த மூன்று வரியை எழுதிய பள்ளிக்கு மட்டும் தனியாக ஒன்று. அவன் அம்மா இந்த வாரம் மறுபடி லீவு போட்டு உங்களைப் பார்க்க வருவார், என் ரிப்போர்ட் அவர் கையில் இருக்கும். அந்தச் சிவப்பு வரிகளை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், யூ.கே.ஜி. பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது என்று வாயாலும் சொல்லி அனுப்புங்கள். அவன் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடியில் இரண்டு அறை வைத்து கிளினிக் நடத்தும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்